ஆச்சிப்பிள்ளையக்காவும் கொமசுப் பொடியனுகளும்

நன்மை செய்ய வந்திருக்கிறேன் என்று யார் சொன்னாலும், ஆச்சிப்பிள்ளை முதலில் அவர் கையில் ஒரு பாதித் தேங்காயைக் கொடுத்துவிடுவாள். திருவலை அடுப்படி வாசலில் தயாராகக் கிடக்கும். "இருந்து திருவுங்க. திருவித் திருவிக் கதைப்பம்" என்பாள். அரை மூடி முடிவதற்குள் எழும்பி, தோணி போய்விடும் என்று சொல்லிப் புறப்பட்ட தருமவான்கள் பலர். முழுவதையும் திருவி முடித்து, "இன்னும் இருக்கா?" என்று கேட்பவர்களோடு மட்டும்தான் அவள் மேற்கொண்டு பேசுவாள்.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வவுணதீவுப் பக்கம், மண்சுவரும் தென்னோலைக் கிடுகுக் கூரையுமாக நீண்டு கிடக்கிறது அந்தப் பிள்ளைகள் இல்லம். அதை நடத்தும், நகரத்துப் பெரியவர்கள் ஐந்து பேர் கொண்ட சபையின் கடிதங்களில் ஆச்சிப்பிள்ளைக்கு 'மேற்பார்வையாளர்' என்று பெயர். மேற்பார்வை பார்க்கக் கீழே யாருமில்லை என்பதுதான் உண்மை. சமைப்பதும் குளிப்பாட்டுவதும் பேன் பார்ப்பதும் சண்டை தீர்ப்பதும் அவளே. உச்சந்தலையை மோந்து பார்த்தே காய்ச்சல் வரப்போகிற பிள்ளையைச் சொல்லிவிடுவாள். வயது நாற்பத்திரண்டு. நடையோ ஓட்டம். ஓடிக்கொண்டே பேசுவதால், அவள் சொல்வதைக் கேட்க வேண்டுமானால் கேட்பவரும் கூடவே ஓட வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் பிடிவாதக்காரி. பிள்ளைகளை எண்ணமாட்டாள். எத்தனை பிள்ளை என்று கேட்டால் ஒரே மூச்சில் பேர்களை ஒப்பிப்பாள். மூச்சு முடியும்போது பேர்களும் முடிந்திருக்கும். கேட்டவர் விரல் விட்டு எண்ணி இருபத்திரண்டு என்பார். பக்கத்தில் நின்றவர் இருபத்துநாலு என்பார். "ரெண்டும் சரிதான்" என்று சொல்லிவிட்டு அவள் உலையைக் கவனிக்கப் போய்விடுவாள்.

வெள்ளைக்கார மன்னருக்கு முடிசூட்டிய வருஷம், ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஆறு இளைஞர்கள் தோணியால் இறங்கி வந்தார்கள். நகரத்தில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் வியாபாரக் கடிதமும் படிப்பிக்கும் கொமேர்ஸ் வகுப்பு மாணவர்கள். படிப்பை வெறும் படிப்பாக விடாமல் ஊருக்குப் பயன்படுத்துங்கள் என்று அவர்களுடைய மாஸ்டர் சொல்லியிருந்தார். தலைவர் வினாயகமூர்த்திக்கு இருபது வயது. சந்நிதியில் நிற்பவர்போல நிமிர்ந்து நின்று, "இல்லத்தை நவீன வியாபார முறைப்படி முன்னேற்ற வந்திருக்கிறோம்" என்றார். கழுத்தில் டை.

"சந்தோசம் மனே. இருந்து திருவுங்க" என்றாள் ஆச்சிப்பிள்ளை.

வினாயகமூர்த்தி திருவியதில் தேங்காயோடு டையின் நுனியும் கொஞ்சம் சேர்ந்தது. அடுத்ததாக உட்கார்ந்தவன் மர்சூக், காத்தான்குடிப் புடவைக்கடைக்காரர் ஒருவரின் மகன். கொடுத்த மூன்று மூடியையும் திருவி முடித்து, சிரட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்துவிட்டு, "மறுகா என்ன அக்கா?" என்று அடுத்த வேலையைக் கேட்டான். அன்று முதல் அவர்கள் அவளுடைய 'கொமசுப் பொடியனுகள்' ஆனார்கள். சனிக்கிழமை தோறும் வந்தார்கள்.

வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. முதற்கிழமை பலகைகளில் அழகாக எழுதிக் கட்டினார்கள்: சமையற்பகுதி, உறக்கப்பகுதி, விசாரணை. 'விசாரணை' கட்ட வேறு தூண் கிடைக்காததால் ஆட்டுப்பட்டியின் கம்பில் கட்டப்பட்டது. அதன்பின் தபால்காரர் கடிதங்களை ஆட்டிடம்தான் கொடுப்பேன் என்று பகிடி விட்டார். இரண்டாம் கிழமை, இடியப்பம் பிழிய எத்தனை நிமிடம் செல்கிறது என்று பார்க்க ஒருவர் கடிகாரத்தோடு அவள் பின்னால் ஓடினார். அவர் களைத்து உட்கார்ந்தபோது இடியப்பம் அவிந்து, பிள்ளைகள் தின்று, கைகழுவியும் ஆகிவிட்டது.

ஆச்சிப்பிள்ளைக்கு இதெல்லாம் பொழுதுபோக்கு. அவளுடைய கவலை தலைக்கு மேலே இருந்தது. கூரைக் கிடுகு உக்கி, படுத்திருந்து பார்த்தால் நட்சத்திரம் தெரிந்தது. போன மாரியில் பிள்ளைகள் பாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் குந்தியிருந்தே உறங்கினார்கள். சபைக்காரர்கள் இம்முறை சொல்லியே விட்டார்கள்: கார்த்திகை மழைக்கு முன் கூரை மேயாவிட்டால் இல்லத்தை மூடுவது, ஆண்பிள்ளைகளைத் திருகோணமலைக்கும் பெண்பிள்ளைகளைக் கொழும்புக்கும் அனுப்புவது. அண்ணனும் தங்கையுமாக வந்த பிள்ளைகள் அதில் பலர்.

"இதுக்கு ஏதும் வழி உங்கட படிப்பில இரிக்கா மனே?" என்று ஒருநாள் அவளே கேட்டாள்.

வினாயகமூர்த்தியின் முகம் மலர்ந்தது. கடிதம்! வியாபாரிகளுக்குக் கடிதம் எழுதுவோம். அவருடைய பாடப்புத்தகத்தில் ஒரு குடை வியாபாரியின் மாதிரிக் கடிதம் இருந்தது. குடை என்று வந்த இடத்திலெல்லாம் பிள்ளை என்று போட்டார். 'மடக்கவும் விரிக்கவும் இலகுவானவை' என்ற வரியை மட்டும் மர்சூக் சண்டைபிடித்து வெட்டுவித்தான். எழுதியதை ஆச்சிப்பிள்ளைக்கு வாசித்தும் காட்டினார்கள். அவள் அப்போது கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் கிடக்கு. அனுப்புங்க, அனுப்புங்க, கறி தீயுது" என்றாள். முத்துமுத்தான எழுத்தில் நாற்பது பிரதிகள் போயின.

மூன்று கிழமைக்குப் பதிலில்லை. நாலாவது சனிக்கிழமை காலை ஒரு பெரிய வள்ளம் கரை தட்டியது. இறங்கியவர் வல்லிபுரம், செங்கலடிச் சந்தியில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர், வாவிக்கரையில் தென்னந்தோட்டமும் உண்டு. கையில் கடிதம். பின்னால் வள்ளக்காரன் ஒரு பொட்டணத்தோடு வந்தான்.

"தங்கச்சி, உங்கட காகிதம் கிடைச்சது. நாலு பொடியன் எடுக்க வந்தன்" என்றார்.

ஆச்சிப்பிள்ளைக்கு விளங்கவில்லை. வல்லிபுரம் பொட்டணத்தை அவிழ்த்தார். புத்தம் புதிய தகரக் கோப்பைகள் நாலு, இடுப்பில் உடுக்கும் சின்னச் சாரம் நாலு. "நான் வெறுங்கையோட வரல்ல. திங்கச் சோறு, உடுக்க உடுப்பு, படுக்க இடம். கடையில தண்ணி அள்ளோணும், கோப்பை கழுவோணும். அவ்வளவுதான் வேலை. நிண்ட பொடியனுகள் ஓடிட்டானுகள்."

அவள் கடிதத்தை வாங்கி, அடுப்புப் புகை இல்லாத இடமாகப் பார்த்து நின்று, முதல் தடவையாக அதை முழுக்க வாசித்தாள்.

'அன்புள்ள ஐயா, எங்களிடம் நல்ல நிலையிலுள்ள பிள்ளைகள் ஏறக்குறைய இருபத்துமூன்று கைவசமுண்டு. பல வயதிலும் பல அளவிலும் கிடைக்கும். மழைக்காலத்துக்கு முன் தங்கள் மேலான ஆதரவை வேண்டுகிறோம். நேரில் வந்து பார்வையிடலாம். கையிருப்புத் தீருமுன் முந்துங்கள். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, வி. வினாயகமூர்த்தி.'

கூரையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

கடிதத்தை மடித்து அவரிடமே நீட்டினாள். சபைக்காரருக்கு இது தெரிந்தால் நாலு வயிறு குறைந்தது என்று சந்தோஷமாகக் கையெழுத்து வைப்பார்கள். 'அனுப்புங்க' என்று சொன்ன வாயும் அவளுடையதுதான். பிள்ளைகள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். வல்லிபுரம் ஒரு பொடியனைக் காட்டி, "அந்தா, அவன் நல்ல உரம்" என்றார். அவன் சாமித்தம்பி. அவன் தங்கை கண்ணகை, என்ன ஏதென்று தெரியாமலே, இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, பொறுங்க" என்றாள் ஆச்சிப்பிள்ளை. "அடியில ஆர்ர பேர் போட்டுக் கிடக்கு?"

"வி. வினாயகமூர்த்தி."

"அவர்தான் இவர்." தூணுக்குப் பின்னால் போகப் பார்த்தவரைத் தோளில் பிடித்து முன்னால் நிறுத்தினாள். "வாங்க மனே, எல்லாரும் வாங்க. நிரையா நில்லுங்க." ஆறு பேரும் உயரப்படி நின்றார்கள். "பாருங்கண்ணே. நல்ல நிலை. பல அளவிலயும் இரிக்கி. காகிதத்தில எழுதின சரக்கு இதுதான். நாலு எடுங்க."

வல்லிபுரம் ஆறு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். "இது படிச்ச பொடியனுகள் தங்கச்சி!"

"ஓம், படிச்சது வியாபாரம். உங்கட கடையில நடக்கிறதும் அதுதானே?"

"எனக்குச் சின்னப் பொடியனுகள்தான் வேணும். நானும் ஒன்பது வயசில கோப்பை கழுவ வந்தவன்தான். செத்தா போயிட்டன்?"

"இல்லண்ணே." அவள் குரல் இறங்கியது. வாழ்க்கையில் அபூர்வமாக ஓடாமல் ஓரிடத்தில் நின்று பேசினாள். "அப்ப உங்களுக்குக் கூடப்பிறந்ததுகள் இருந்ததா?"

"ஒரு தங்கச்சி."

"இப்ப எங்க?"

வல்லிபுரம் அவிழ்த்த பொட்டணத்தைப் பார்த்தார். கண்ணகையைப் பார்த்தார். பிறகு வாவியைப் பார்த்தார்.

அப்போது மர்சூக் முன்னே வந்தான். "முதலாளி, நான் வாறன். சனி ஞாயிறும், வகுப்பு லீவு நாளும். நாங்க ஆறு பேரும் மாறி மாறி வாறம், எப்பவும் நாலு பேர் நிப்பம். கூலி வேணாம். இந்த வீட்டுக்குக் கிடுகு தாங்க."

அதன்பின் நடந்த பேரத்தைக் கொமேர்ஸ் மாணவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பாதிக் கூரைக்குத் தரலாம் என்றார் வல்லிபுரம். "பாதிக் கூரைக்குக் கீழ பாதிப் பிள்ளையா படுக்கும்?" என்றாள் ஆச்சிப்பிள்ளை. முக்கால் என்றார். "மிச்சக் காலுக்குக் கீழ நீங்களே ஒரு மழைக்குப் படுத்துப் பாருங்க" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முழுக் கூரை என்று முடிந்தது. பகல் சோறு தின்றுவிட்டுத்தான் போனார். கொண்டுவந்த கோப்பைகளையும் சாரங்களையும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

செங்கலடியில் கொமசுப் பொடியனுகள் செய்த வியாபாரத்தை அந்தச் சந்தி இன்னும் பேசுகிறது. வினாயகமூர்த்தி, வந்தவர்கள் கேட்டதையெல்லாம் சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். போனபின் எழுதியதை அவராலேயே வாசிக்க முடியவில்லை. பிட்டுக் கேட்ட ஒரு வண்டிக்காரருக்கு மூன்று தரம் தேத்தண்ணீர் வந்தது. நாலாவது தரம் அவர் எழும்பிப் போய், சட்டியில் தானே அள்ளிக்கொண்டார். இரண்டாம் கிழமை வினாயகமூர்த்தி டையைக் கழற்றினார். மூன்றாம் கிழமை பென்சிலையும் வைத்துவிட்டார். அதன்பின் தவறே வரவில்லை.

மர்சூக்கோ வாசலில் நின்று, போகிற பஸ்ஸையெல்லாம் பேச்சாலேயே நிறுத்தினான். மகன் சாப்பாட்டுக்கடையில் மேசை துடைக்கிறான் என்று கேள்விப்பட்டு அவன் வாப்பா கோபத்தோடு வந்து இறங்கினார். வீட்டில் குடித்த கோப்பையை நகர்த்தி வைக்காத மகன், ஒரே கையில் ஆறு கோப்பையோடு வருவதைக் கண்டார். வந்த கோபம் எங்கே போனதோ, மூலையில் உட்கார்ந்து பின்னேரம் வரை பார்த்துக்கொண்டேயிருந்தார். போகும்போது, "வீட்டயும் இப்பிடிச் செய்வியா?" என்று மட்டும் கேட்டார். மர்சூக் யோசித்துச் சொல்வதாகச் சொன்னான்.

ஐப்பசி நடுவில் கிடுகு வந்தது. மூன்று வள்ளங்கள், வீடு மிதந்து வருவதைப்போல. வல்லிபுரமே முதல் வள்ளத்தில் நின்றார். ஊரார் கூரை ஏறினார்கள். மாணவர்களும் பிள்ளைகளும் நிரையாக நின்று கிடுகைக் கைமாற்றினார்கள். ஆச்சிப்பிள்ளை கீழே ஓடி ஓடி, மேலே நின்றவர்களையெல்லாம் ஏசினாள். "அந்தக் கட்டு இறுக்கமில்ல! அங்கால கொஞ்சம் இறக்கிப் போடுங்க! ஐயோ, உங்கட வீட்டையும் இப்பிடியா மேய்வீங்க?" இரண்டே நாளில் முடிந்தது. சபைக்காரர் ஒருவர் வந்து அண்ணாந்து பார்த்து, கழுத்து நொந்து, திருப்தி என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். திருகோணமலை, கொழும்புப் பேச்சு அதோடு நின்றது.

வல்லிபுரத்துக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டுமென்று வினாயகமூர்த்தி தாள் எடுத்தார். ஆச்சிப்பிள்ளை இம்முறை அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "வாசிங்க மனே, மெள்ள" என்றாள். இரண்டு பக்கம் வாசித்தார். "இதை வெட்டுங்க. இதையும் வெட்டுங்க. இது ஆருக்கு?" கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: 'அண்ணே, கூரை மேஞ்சாச்சு. பிள்ளைகளைப் பார்க்க வாங்க.'

கார்த்திகை முதற் சனிக்கிழமை மத்தியானம் மழை பிடித்தது. வாவியின் எதிர்க்கரை மறைந்து, பிறகு வாவியே மறைந்தது. பிள்ளைகள் சோற்றுக் கோப்பைகளோடு உள்ளே ஓடி வந்து, பழக்கத்தில் சுவரோரமாக ஒதுங்கினார்கள். மாணவர்கள் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆச்சிப்பிள்ளை நடுவீட்டுக்கு வந்தாள். வலது உள்ளங்கையை விரித்து நீட்டிக்கொண்டு மெதுவாக நடந்தாள். போன மாரியில் சட்டி வைத்த இடங்கள் ஒவ்வொன்றாக நின்று, கையை ஏந்தி, காத்திருந்து, அடுத்த இடத்துக்குப் போனாள். மூலை முடுக்கெல்லாம் போனாள். மழை மேலே இரைந்துகொண்டிருந்தது.

கடைசி இடத்திலும் நின்று பார்த்துவிட்டு, ஒரு துளியும் விழாத அந்தக் கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள்.