அண்ணாவின் பனிச் சப்பாத்தும் என் குதிக்காலும்

இது நடந்தது 2018ஆம் ஆண்டு தை மாதம். பரிஸில், லா சப்பலில் இருந்து ஸ்டாலின்கிராட் போகும் வழியில் இருந்த பனிச்சறுக்குச் சாமான் திருத்தும் ஒரு சின்னக் கடையில்.

அப்போது அண்ணா செத்து ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் எனக்கு எல்லாரிலும் கோபம். டாக்டரில் கோபம், அம்மாவில் கோபம், சாமியில் கோபம். நான் ரூ பெர்தொனேயில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்தேன். சனம் வந்து "பாவம், நல்ல பொடியன்" என்று சொல்லிக்கொண்டே முருங்கைக்காயை வளைத்துப் பார்க்கும். பெட்டியோடு தூக்கி வெளியே வீசலாம் போல இருக்கும்.

அண்ணா பிரான்சுக்கு வந்த புதிதில் ஒரு குளிர்காலம் முழுக்க அல்ப்ஸ் மலையில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார். அங்கேதான் ஒற்றைப் பலகையில் இரண்டு காலையும் பூட்டிப் பனியில் சறுக்கப் பழகினார். நிறையப் பேர் அதற்கு மெத்தென்ற சப்பாத்துத்தான் போடுவார்கள். அண்ணாவினுடையது கடினமான வகை. வெளியே ஓடு மாதிரித் தடித்த பிளாஸ்டிக் கோது. உள்ளே கழற்றி எடுக்கக்கூடிய, மெத்தை மாதிரி ஒரு உள்சப்பாத்து.

"வாற மாசி உன்னை மலை உச்சிக்குக் கூட்டிக்கொண்டு போறன், பயப்பிடாதை" என்று சொல்லியிருந்தார். அதற்குள் ஒபர்வில்லியேயில் வேலை செய்த சாமான் கிடங்கில் விழுந்தார். மூளையில் இரத்தக் கசிவு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றே முடிந்துவிட்டது.

மாசி வந்தால் நான் போவேன், அவருடைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டுதான் போவேன் என்று முடிவு எடுத்தேன். அவருக்குச் சப்பாத்து அளவு 42, எனக்கு 41. ஒரு இலக்கம்தானே என்று நினைத்தேன்.

கதை கடைவரைக்கும் வந்துவிட்டது. கறிவேப்பிலை வாங்க வந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர், நாலு பேர் நிற்கும்போது கேட்டார்.

"என்னடா தம்பி, கொண்ணன்ரை ஆண்டுத் திவசம்கூட முடியேல்லை, நீ பனி விளையாடப் போறியாம்?"

"ஓம், போறன். உங்களுக்கும் ஒரு ரிக்கற் போடட்டே?"

முதலாளி என்னைப் பின்னுக்குக் கூப்பிட்டு ஏசினார். நான் அரிசி மூட்டையைத் தூக்கி நிலத்தில் போட்டேன். மூட்டை வெடித்தது. அதற்கும் ஏச்சு.

வீட்டில் ஒவ்வொரு நாளும் அந்தச் சப்பாத்தைப் பூட்டிக்கொண்டு நடந்து பழகினேன். டக், டக் என்று மரத் தரை அதிரும்.

"உந்தச் சனியனைக் கழட்டடா. கீழ்வீட்டு மனிசி ஏறி வரப்போகுது" என்பார் அம்மா.

"வரட்டும்."

"பனியிலை விழுந்து விழுந்துதான் என்ரை பிள்ளைக்குத் தலை பழுதானது. உதை அண்டைக்கே எறிஞ்சிருக்க வேணும்."

"எறிஞ்சு பாருங்கோ, என்ன நடக்குதெண்டு."

பனியில் விழுந்ததற்கும் இரத்தக் கசிவுக்கும் தொடர்பில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா நம்பவில்லை.

நோவு முதல் நாளே தொடங்கிவிட்டது. பத்து நிமிடத்தில் குதிக்காலின் பின்பக்கம் நெருப்பு மாதிரி எரிந்தது. சப்பாத்துப் பெரிது, அதுதான் என்று மூன்று சோடி காலுறை போட்டேன். இன்னும் மோசம். குசினியில் பாத்திரம் கழுவுகிற ஸ்பொஞ்சை வெட்டி உள்ளே ஒட்டினேன். சப்பாத்தைப் பூட்டும் கொழுவிகளை விரல் மரக்க மரக்க இறுக்கினேன். நாலாம் நாள் தோல் உரிந்து காலுறையில் இரத்தம் ஒட்டியது. நோகட்டும் என்றுதான் இருந்தது எனக்கு. ஆனால் முழங்காலை மடக்கும் ஒவ்வொரு முறையும் குதிக்கால் மேலே கிளம்பியது. இப்படியே போனால் பலகையில் நிற்கவே முடியாது என்று எனக்கே தெரிந்தது. அதனால் அந்தத் திருத்தக் கடைக்குப் போனேன்.

அங்கே ஒரு பெண். முப்பது வயது இருக்கும், வெள்ளைக்காரி. நகம் எல்லாம் பசை பிடித்துக் கறுத்திருந்தது. என் காலுறைகளைக் கழற்றச் சொன்னாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் உரிக்க உரிக்க, "இது காலா, வெங்காயமா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு கேள்விக்குமேல் கேள்வி. சரியாக எந்த இடம்? எப்போது தொடக்கம்? நிற்கும்போதா, மடக்கும்போதா? கழற்றின பிறகும் நோகுதா? எனக்கு விசர் வந்தது.

"நோகுது, அவ்வளவுதான். திருத்தித் தா" என்றேன்.

அவள் உள்சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை வெறும் கோதுக்குள் வைக்கச் சொன்னாள். குதிக்குப் பின்னால் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். கோது பரவாயில்லை என்றாள். அடுத்ததாக இடது உள்சப்பாத்துக்குள் கையை விட்டு மெதுவாகத் தடவினாள்.

"இது உன்ரை கால் இல்லை" என்றாள். "இந்த ஆளுக்கு இடது கணுக்கால் எலும்பு வெளியிலை தள்ளியிருக்கு. பாரத்தை வெளிப்பக்கம் போட்டு நடக்கிறவர்."

அண்ணா பதினாலு வயதில் மதிலில் இருந்து விழுந்து கணுக்காலை முறித்தவர். அது சரியாகப் பொருந்தவில்லை. அவருடைய எந்தச் செருப்பை எடுத்தாலும் வெளிப்பக்கம்தான் தேய்ந்திருக்கும்.

அவள் விளங்கப்படுத்தினாள். இந்த உள்சப்பாத்தைச் சூடாக்கி, கால் வைத்து, ஆறவிட்டால் அந்தக் காலின் வடிவம் அப்படியே நிற்குமாம். அண்ணாவின் கால் கிடந்த பள்ளத்தில் என் குதிக்கால் பிடிமானம் இல்லாமல் உரசுகிறது. அதுதான் நோவு.

"திரும்பச் சூடாக்கினால் உன்ரை காலுக்கு வரும். ஆனால் பழைய கால் அழிஞ்சுபோகும். அதாலை..."

அதற்குமேல் நான் விடவில்லை. வாயில் வந்த எல்லாம் கத்தினேன், பிரெஞ்சிலும் தமிழிலும். "கையை எடு! அதைத் தொடாதை!" இரண்டு உள்சப்பாத்தையும் பறித்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. மேலே மெத்ரோ போனது. சிகரெட் விற்றுக்கொண்டு நின்றவன் என் காலையே பார்த்தான். நானும் குனிந்து பார்த்தேன். தை மாதக் குளிரில் வெறுங்காலோடு நின்றேன்.

நான் கடைக்குப் போட்டு வந்த சப்பாத்தை அவள் தூக்கிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் வைத்தாள். கோபிக்கவில்லை.

"நீ என்னைச் சொல்லி முடிக்க விடேல்லை. அதாலை சூடாக்க வேண்டாம் எண்டுதான் சொல்ல வந்தனான். இதை நீ பத்திரமா வை. கோதுக்குள்ளை வேறை ஒண்டு போடலாம்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆர் அது என்று கேட்டாள். அண்ணா என்றேன். என்ன நடந்தது என்று கேட்டாள். தலையில் இரத்தம் என்றேன்.

"முதலே நோவு இருந்ததா? எப்ப தொடக்கம்?"

குதிக்காலுக்குக் கேட்ட அதே மாதிரித்தான் கேட்டாள்.

அதுவரை ஒருவருக்கும் சொல்லாத விஷயம் ஒன்று என்னிடம் இருந்தது. விழுவதற்கு முன் மூன்று நாள் அண்ணா தலையிடி என்றார். நான் ஃபோனில் இருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நோவுக்குப் போடும் குளிசை மட்டையை எறிந்து, "போட்டிட்டுப் படுங்கோ" என்றேன். மூன்று நாளும் அதே பதில்தான்.

ஒரு காலில் சப்பாத்தோடு நின்று, தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் அதை அவளுக்குச் சொன்னேன். உன் பிழை இல்லை என்று அவள் சொல்லவில்லை. உள்சப்பாத்து இரண்டையும் வாங்கி, நனையாமல் தன் ஜக்கெற்றுக்குள் வைத்தாள். "வா, கால் விறைக்கும்" என்றாள்.

புது உள்சப்பாத்தை என் காலுக்குச் சூடாக்கித் தந்தாள். குதியின் இரண்டு பக்கமும் சின்ன மெத்தைத் துண்டு ஒட்டினாள். ஒரேயொரு மெல்லிய காலுறை போதும், குதியை நிலத்தில் குத்திப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, பாதத்துக்கு மேலே இருக்கிற கொழுவியை முதலில் பூட்டு என்றாள். நோவு போய்விட்டது.

அன்று பின்னேரம் பழைய உள்சப்பாத்தை அம்மாவிடம் கொடுத்து, கையை விட்டுப் பாருங்கோ என்றேன். முறைத்துக்கொண்டே விட்டார். அந்த இடம் தட்டுப்பட்டதும் கை நின்றது. "முறிஞ்ச கால்" என்றார். கையை எடுக்கவில்லை. நான் குளிசைக் கதையையும் சொன்னேன். அம்மா அந்த உள்சப்பாத்தாலேயே எனக்கு முதுகில் அடித்தார். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது, "குதிக்கால் இப்ப எப்பிடி?" என்று கேட்டார்.

மாசியில் போனேன். உச்சியிலிருந்து இறங்கும்போது நாலு தரம் விழுந்தேன், அண்ணாவை ஏசி ஏசி எழும்பினேன். ஒரு குதிக்காலுக்கு முன்பின் தெரியாத ஒருத்தி அத்தனை கேள்வி கேட்டாள், என் அண்ணாவின் தலைக்கு நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்ற கோபம் என்னில் இன்னும் அப்படியே இருக்கிறது, அது போகவேண்டும் என்று நான் ஒருவரிடமும் கேட்கவும் இல்லை.