தலை மார்லின், வால் விரால்

இன்று அப்புத்தளையில் ஒரு மார்லினை நேரில் பார்த்தேன்.

(ஆமாம், மலைமேல்தான். முழுதாகப் படியுங்கள்.)

பதுளையில் உட்கார்ந்துகொண்டு மார்லின் என்ற ஆழ்கடல் மீனுக்கு ஃபேஸ்புக் பேஜ் நடத்தும் ஒரே ஆள் நான். கற்றதெல்லாம் யூடியூப். தூண்டில், ரீல், ஆழ்கடல் போட் எல்லாம் அத்துப்படி. கடலில் கால் மட்டும் நனைத்ததில்லை.

இதை வைத்து மச்சான் திலீபன் என்னை ஓட்டாத நாளில்லை. வெள்ளைக்காரத் துரை ஒருவர் அந்தக் காலத்தில் பிடித்த மார்லின், அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து பங்களாச் சுவரில் இருக்கிறது என்றேன். பந்தயத்துக்கே வந்துவிட்டான்.

"அது அசல்னா இனி ஒன்ன ஓட்ட மாட்டேன். டூப்புன்னா ஒன் பேஜ் பேர 'வெலிமட லீக்ஸ்'னு மாத்தணும். சரியா?"

"சரிடா."

(ஃபாலோவர்ஸ், மீன் பேஜுக்கு லீக்ஸ் என்ற மலைக் காய்கறியின் பெயரை வைக்க உங்களைக் கேட்காமல் ஒத்துக்கொண்டதற்கு மன்னிக்கவும்.)

பங்களா வாச்சர் செல்வம் அண்ணன் ஹோல் கதவைத் திறந்தார்.

சுவரில் அது. ஈட்டி போல நீண்ட மூக்கு.

"பாத்தியா மூக்க? அசல்டா."

நான் வீடியோ எடுத்தபடி மூக்கிலிருந்து வால்வரை நடந்தேன். வாலருகே நின்றுவிட்டேன்.

மார்லினுக்கு வால் பிறை மாதிரி இருக்கும். இதற்கு விசிறி மாதிரி வட்டமாக இருந்தது. உடம்பெல்லாம் பெரிய பெரிய செதில். தட்டினேன். டொக் டொக்.

"அண்ணே, இது மரமா?"

"கழுத்துக்கு அங்கிட்டு மரந்தான் தம்பி."

நடந்தது இதுதான். துரை காலிக் கடலில் பிடித்த மீனை ஐஸ் போட்டு, தனக்கு முன்னால் ரயிலில் அனுப்பிவிட்டார். பாடம் பண்ணிச் சுவரில் மாட்ட ஆசை. அதைச் சொல்லி அனுப்பத்தான் மறந்துவிட்டார். பங்களாவில் அப்போது சமையல், செல்வம் அண்ணனின் பூட்டன்.

"குசினிக்கு மீன் வந்தா கறிதானே வைப்பாங்க? தொழிலாளிங்க லயம் பூரா சட்டி சட்டியா போயிருச்சு. தல மட்டுந்தான் மிச்சம். அந்த மூக்குக்கு ஏத்த சட்டி தோட்டத்துலயே இல்ல."

மீனைக் காட்டத் துரை விருந்தே வைக்கப்போகிறார் என்று ஆள் வந்து சொன்னதும் பூட்டன் பெக்டரி ஆசாரியிடம் ஓடினார். ஆசாரியும் கடலைப் பார்த்ததில்லை (நம்ம ஆள்). அவருக்குத் தெரிந்த பெரிய மீன் விரால். அதையே செதுக்கி ஒட்டிவிட்டார்.

"துரை ஏசலையா?" என்றான் திலீபன்.

"விருந்தாளிங்க வாசல்ல நிக்கிறாங்க, என்னத்த ஏசுறது? இந்த வாலால போட்டையே அடிச்சிச்சுன்னு கத விட்டாராம்."

திரும்பும் பஸ்ஸில் எங்களுக்குள் சண்டை.

"வால் டூப்பு. பேர மாத்து."

"தல அசல். மாத்த மாட்டேன்."

பண்டாரவளை தாண்டியதும் சமாதானம் ஆனோம்.

ஆகவே நண்பர்களே, இன்றிலிருந்து இந்தப் பேஜின் பெயர் 'மார்லின் லீக்ஸ்'.

தலை என்னுடையது. வால் திலீபனுடையது.