ஜீப்பை நகர்த்தச் சொன்னவர்

லோகநாயகி அம்மையார் இறந்துவிட்டார் என்று தொலைபேசியில் சொன்னார்கள். பேசுவது யார், நேரில் பார்த்தது யார், எத்தனை மணிக்கு என்றெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அவரிடம் உதவியாளராக இருந்தால் அப்படித்தான் ஆகிவிடும்.

அம்மையார் தொல்லியல் படித்தவர். முதுமக்கள் தாழிகளைத் தோண்டிக்கொண்டிருந்தவர், தொண்ணூறுகளின் இறுதியில், காவலில் காணாமற்போனவர்களின் எலும்புகளைத் தேடத் தொடங்கினார். "பழைய பிணங்களைப் பற்றி யாரும் பொய் சொல்வதில்லை. அங்கே எனக்கு வேலை குறைவு" என்பார்.

எண்ணூரில் செல்வம் என்ற ஒப்பந்தத் தொழிலாளியை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். மாலையே விட்டுவிட்டோம், பம்பாய்க்கு ஓடியிருப்பான் என்றது காவல் நிலையம். மீன் விற்கும் தாய் கஸ்தூரி நம்பவில்லை. கடைசியில், அனாதைப் பிணங்களைப் புதைக்கும் மேட்டைத் தோண்ட நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆய்வாளர் மிகவும் ஒத்துழைத்தார். அந்த மாதம் இங்கே புதைத்தது ஒரே பிணம்தான் என்று சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டினார். பந்தல் போட்டார், சோடா தந்தார். அம்மையார் சோடாவைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் எலும்புகள் கிடைத்தன.

"இன்னாமா, இது என் புள்ளையா?"

"இல்லை கஸ்தூரி. இவர் பல் போன கிழவர்."

"அப்ப முடிஞ்சுது மேடம்" என்றார் ஆய்வாளர்.

"உங்கள் ஜீப் ஏன் மூன்று நாளாக மேட்டின் மேல் அங்கேயே நிற்கிறது?" என்றார் அம்மையார்.

"பேட்டரி டவுன் மேடம்."

"காலையில் ஆட்டை விரட்ட ஹாரன் அடித்தீர்களே?"

வேடிக்கை பார்த்த மீனவர்களை அம்மையார் அழைத்தார். "தள்ளு மாமு, சாரு வண்டி பேஜாராயிகினு கீது" என்று சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். ஜீப் நின்ற இடத்தில், இடுப்பளவு ஆழத்தில், இன்னொருவர் இருந்தார். இடது முன்கையில் எலும்பு முறிந்து கூடிய மேடு.

சிறுவயதில் படகிலிருந்து விழுந்து செல்வம் கையை முறித்துக்கொண்டதை, கஸ்தூரி முன்பே அம்மையாரிடம் தனியாகச் சொல்லியிருந்தார். எனக்குத் தெரியாது. "உங்களையும் சேர்த்துத்தான் சந்தேகப்பட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்" என்றார் அம்மையார் என்னிடம்.

கஸ்தூரி எலும்பின் அந்த மேட்டை விரலால் தடவினார். "இவன்தாம்மா."

வழக்கு இன்னும் நடக்கிறது. ஆய்வாளர் பதவி உயர்வு பெற்றார். ஜீப் ஓய்வு பெற்றது.

நேற்று திருவொற்றியூர் வீட்டில், கண்ணாடிப் பெட்டி மேல் மாலைகள் முகத்தை மறைத்துக் கிடந்தன. கூடையை வாசலில் இறக்கிவிட்டு கஸ்தூரி உள்ளே வந்தார்.

"மாலைய எட்து அப்பால வை."

யாரோ தயங்கினார்கள்.

"மூஞ்சியப் பாக்காம நான் எப்பிடி நம்பறது? இந்தம்மாதான் சொல்லிக் குட்த்திச்சு."

மாலைகளை நானே எடுத்தேன். கஸ்தூரி குனிந்து, வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியை விரலால் தடவினார்.

"இவங்கதான்."

நானும் பார்த்தேன் அம்மா. சந்தேகமில்லை. போய் வாருங்கள்.