முனகிய அலாரமும் எட்மே ஜக்கோவும்

எட்மே ஜக்கோ ஊரும் தொழிலும் மாறாதவள். லு லோக்ள் என்ற மலையூரில் பிறந்து, அங்கேயே கடிகார வேலை கற்று, அங்கேயே கல்யாணம் செய்து, அங்கேயே விவாகரத்தும் வாங்கிக்கொண்டவள். "கரண்டி தட்டுல படுற சத்தத்துக்குக்கூட இவ மார்க் போடுறா, இவகூட யாரால சாப்பிட முடியும்?" என்று நீதிமன்ற வாசலில் கணவர் சொன்னாராம். எட்மே மறுக்கவில்லை. அவர் கரண்டியைப் பிடிக்கும் விதம் அப்படி.

ஐம்பத்தாறு வயது. வேலை செய்யும் கம்பெனியில் அவளுடைய இடத்துக்குச் 'சத்த மேசை' என்று பெயர். அலாரம் வைத்த கைக்கடிகாரங்கள் வெளியே போவதற்கு முன்னால் அவள் காதைத் தாண்டித்தான் போக வேண்டும். சரியாக ஒலித்தால் கூடவே போகும் அட்டையில் கையெழுத்துப் போடுவாள். இல்லாவிட்டால் பிரித்து, திருத்தி, மறுபடியும் சாவி கொடுத்துக் கேட்பாள். இருபத்திரண்டு வருடமாக இதுதான் அவள் சீவியம்.

அந்த மேசைதான் இப்போது போகவிருந்தது.

வினை ஒரு பழைய கடிகாரத்தால் வந்தது. 1961-இல் கம்பெனி முக்குளிப்பவர்களுக்காக ஒரு கடிகாரம் செய்திருந்தது. எப்போது மேலே வர வேண்டுமோ அந்த நேரத்துக்கு அலாரம் வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கலாம். நேரம் வந்ததும் உள்ளே ஒரு குட்டிச் சுத்தியல் உள்தகட்டில் இருக்கும் முளையைப் படபடவென்று அடிக்கும். வெளிமூடியில் இருக்கும் துளைகள் வழியே சத்தம் தண்ணீருக்குள் பரவும். அதையே இம்மி பிசகாமல் மறுபடியும் செய்து விற்கலாம் என்று மேலிடத்துக்கு ஆசை வந்தது. ஏலத்தில் ஒரு பழைய கடிகாரத்தை வாங்கினார்கள். லோசானில் இருக்கும் வடிவமைப்பு அலுவலகத்தில் வைத்து அங்குலம் அங்குலமாக அளந்தார்கள். முதல் அறுபது கடிகாரங்கள் பிப்ரவரியில் எட்மேயின் மேசைக்கு வந்தன.

ஒன்றுகூட ஒலிக்கவில்லை. முனகின.

"வயிறு சரியில்லாத பூனை மாதிரி இருக்குடி" என்றாள் பக்கத்து மேசை சோலான்ஜ். தினமும் எல்லை தாண்டி மோர்த்தோவிலிருந்து வருபவள்.

"பூனையா இருந்தா மருந்தாவது குடுக்கலாம்" என்றாள் எட்மே.

ஐந்து மாதம் போனது. சுத்தியலுக்கும் முளைக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டினாள், குறைத்தாள். ஸ்பிரிங்கை மாற்றினாள். காற்றில் முனகியது தண்ணீர்த் தொட்டியில் போட்டால் அதுவும் இல்லை. வடிவமைப்புப் பொறியாளர் ஃப்ளோரியான் வாரம் ஒருமுறை லோசானிலிருந்து ரயிலேறி வந்து, கையில் ஒரு கருவியோடு அவள் தலைக்கு மேல் நின்றான்.

"இடைவெளியில மில்லிமீட்டர்ல நூறில் ஒரு பங்கு தப்பு இருக்கலாம், மதாம் ஜக்கோ."

"இருக்காது, தம்பி."

"கருவி அப்படித்தான் காட்டுது."

"அந்தக் கருவி பொறக்கறதுக்கு முன்னாடியே நான் இடைவெளி வெச்சிட்டிருக்கேன். உங்க மூலக் கடிகாரம் எப்படி ஒலிக்குது? அதைச் சொல்லுங்க."

"அதுவும் கொஞ்சம் அமுங்கித்தான். ஆனா அதுக்கு அறுபது வயசு. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். புதுசுக்கு அந்தச் சாக்கு இல்லையே."

அந்த மூலக் கடிகாரத்தைக் கண்ணில் காட்டுங்கள் என்று நான்கு முறை கேட்டாள். அது பெட்டகத்தில் இருக்கிறதாம், காப்பீடு செய்திருக்கிறதாம், மலைக்கு அனுப்ப முடியாதாம்.

ஜூலை வந்தது. ஊரே மூன்று வாரம் கடையைச் சாத்தும் கடிகாரக்காரர் விடுமுறைக்கு ஐந்து நாள்தான் பாக்கி. திங்கட்கிழமை பட்டறைத் தலைவர் முசியே மத்தே அவள் மேசையருகே வந்து நின்று, ஜன்னலைப் பார்த்தபடி பேசினார்.

"எட்மே, வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா, லீவு முடிஞ்சு நீங்க தோல் வார் மாட்டுற பிரிவுக்குப் போயிடுங்க. மேலிடத்துச் சொல்லு. நான் என்ன பண்ண?"

"வார் மாட்டவா?"

"அங்க ஜன்னல் பெருசு."

"முசியே மத்தே, நான் என்ன தொட்டிச் செடியா?"

அவர் அடுத்த மேசைக்கு நகர்ந்தார். எட்மேக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இடைவெளி சரி. ஸ்பிரிங் சரி. சுத்தியல் சரி. அவள் கை படாத ஒரே இடம் பின்மூடி. உள்தகட்டையும் துளை போட்ட வெளிமூடியையும் சேர்த்து அடைத்தேதான் அவளுக்கு அனுப்புவார்கள். பிரிக்கக் கூடாது என்று உத்தரவு.

வியாழக்கிழமை நாலு மணிக்கு அவள் ஒன்றைப் பிரித்தாள்.

"ஏய், உத்தரவு இருக்குடி" என்றாள் சோலான்ஜ்.

"வார் மாட்டப் போறவளுக்கு என்ன உத்தரவு?"

மூடி கழன்றது. தகட்டின் மறுபக்கத்தில் ஏதோ செதுக்கியிருந்தது. உருப்பெருக்கியைக் கண்ணில் பொருத்திப் பார்த்தாள். மூன்று கீறலில் ஒரு ஊசியிலை மரம். பக்கத்தில் 4-87.

எட்மே இன்னொன்றைப் பிரித்தாள். அதே மரம், அதே எண். மூன்றாவதிலும் அதுவே. லேசர் கொண்டு அச்சு அசலாகச் செதுக்கியிருந்தார்கள்.

பழுது பார்ப்பவர்கள் கடிகாரத்தைத் திறந்தால் உள்ளே தங்கள் குறியையும் மாதம் வருடத்தையும் ஊசியால் கீறிவிட்டு மூடுவார்கள். யார் திறந்தார், எப்போது என்று அடுத்தவருக்குத் தெரிவதற்காக. இது பழுது பார்த்தவரின் குறி. கம்பெனியின் குறி இல்லை. அதுமட்டுமா? இது அவளுடைய குறி. பதினேழு வயதில், பயிற்சிக் காலத்தில், வேறு யாருக்கும் இல்லாத குறி வேண்டும் என்று யோசித்து யோசித்து வைத்துக்கொண்டது.

அந்தக் கடிகாரத்தைக் கொண்டுவந்த ஆள்கூட ஞாபகம் வந்தது. லே ப்ரெனே ஏரியில் மீன் பிடிப்பவர். உள்தகடு விரிசல் விட்டுத் தண்ணீர் புகுந்திருந்தது. உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கவில்லை. "தண்ணி வராம இருந்தா போதும் பாப்பா. சத்தம் எனக்கெதுக்கு? அதுக்கு வீட்டுல ஆள் இருக்கு" என்றார். அவள் கையில் கிடைத்த தடிமனான தகட்டை வெட்டி, முளையை ஒட்டவைத்துப் போட்டாள். அதன்பின் ஒரு சொட்டுத் தண்ணீர் புகவில்லை. சத்தமும் வெளியே வரவில்லை.

அந்தத் தகட்டைத்தான் இம்மி பிசகாமல் அளந்து அறுபது செய்திருக்கிறார்கள்.

"என்னடி, பேயைப் பாத்த மாதிரி?"

"பேயா இருந்தா தேவலை" என்றாள் எட்மே. யாரைத் திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஐந்து மாதமாக ஃப்ளோரியானைத் திட்டியிருக்கிறாள். சொன்னால் இடைவெளியில் தப்பு இல்லை என்று தெரியும், கூடவே தப்பு முழுக்க அவளுடையது என்றும் தெரியும். சொல்லாமல் விட்டால் அறுபது ஊமைகள் அவள் கையெழுத்தோடு போகும். எந்தப் பக்கம் போனாலும் வார்ப் பிரிவுதான். சிடுசிடுத்துக்கொண்டே மெல்லிய தகடு ஒன்றைத் தேடி எடுத்து, வட்டமாக வெட்டி, முளை வைத்து, ஒரே ஒரு கடிகாரத்துக்கு மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணி இடைவேளை. எல்லாரும் ரொட்டியும் காப்பியுமாக நின்றார்கள். மதியத்தோடு விடுமுறை என்பதால் ஒரே இரைச்சல். ஃப்ளோரியான் புதிதாக அச்சான விளம்பரப் புத்தகத்தை விரித்து முசியே மத்தேயிடம் காட்டிக்கொண்டிருந்தான்.

"இந்தப் பக்கம் பாருங்க. உள்ள ஒரு மரக் குறி கண்டுபிடிச்சோம். அந்தக் காலத்துக் கைவினைஞர் யாரோ வெச்ச ரகசிய முத்திரை. விளம்பரம் எழுதறவங்க உருகிட்டாங்க."

"அந்தக் கைவினைஞருக்கு அப்ப மூஞ்சி முழுக்கப் பரு" என்றாள் எட்மே.

"யாருக்கு?"

"எனக்கு. அது என் குறி. எண்பத்தேழு ஏப்ரல்ல நான் ரிப்பேர் பண்ணினது. தகடு ரெண்டு பங்கு தடிமன். அதான் முனகுது. உங்க கருவி, உங்க கணக்கு எல்லாம் சரி, தம்பி. என் தப்பைத்தான் துளி பிசகாம அறுபது தடவை செஞ்சிருக்கீங்க."

சோலான்ஜ் ரொட்டி புரையேறி இருமினாள்.

எட்மே கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, அலாரம் வைத்து, தண்ணீர்க் கூஜாவுக்குள் போட்டாள். சற்று நேரத்தில் கூஜாவே அதிர்ந்தது. காப்பிக் கோப்பைகளில் வளையம் வளையமாக நெளிந்தது. வாசலருகே நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஃப்ளோரியான் முகம் வெளுத்திருந்தது. "நாங்க அதைத் தொழிற்சாலை முத்திரைன்னு நெனச்சோம்."

"நாலு தடவை கேட்டேனே, காட்டுங்கன்னு!"

"அது... காப்பீடு..."

முசியே மத்தே புத்தகத்தை மூடினார். இந்த முறை ஜன்னலைப் பார்க்கவில்லை. "எட்மே, நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம். அட்டையில கையெழுத்து யாருது?"

அவர் தலையைச் சொறிந்தார். "வார்ப் பிரிவுக்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன். அந்த மேசையில வேற யாரை உட்கார வெக்க? ஆனா இந்த அறுபதும் லீவு முடியறதுக்குள்ள போகணும். தகடு செய்யறவன் பன்னெண்டு மணிக்குச் சாத்திடுவான், எல்லாத்தையும் கையாலதான் வெட்டணும்."

"அதாவது, நான் லீவு போகக் கூடாது."

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொன்னீங்க?"

திங்கட்கிழமை ஊரில் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. சோலான்ஜ் கடற்கரையிலிருந்து கால்விரல்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். எட்மே பட்டறைக் கதவைத் திறந்தபோது ஃப்ளோரியான் படியில் உட்கார்ந்திருந்தான், கருவியோடு.

"உதவலாம்னு வந்தேன்."

"யார் கேட்டா?"

"யாரும் கேக்கல."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவதற்கு ஐந்து மாதத்துச் சொற்கள் மிச்சம் இருந்தன. ஆனால் மூடியை அழுத்தி அடைக்கும் கருவியைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும் என்பதும் உண்மை.

"கையைக் கழுவிட்டு வாங்க. அந்தச் சாமணத்தை எடுங்க. அது இல்ல, பக்கத்துல இருக்கறது. ஐயோ, அதுவும் இல்ல" என்றபடி முதல் மூடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இன்னும் ஐம்பத்தொன்பது இருந்தன.