அக்காவின் சுண்டுவிரல்

அந்த மிஷினின் தகர மூடியை இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது. கறுப்புப் பெயின்ட் அடித்த சின்ன மூடி. டைப்ரைட்டரின் எழுத்துக் கட்டைகளுக்கு மேல் அதைக் கவிழ்த்து வைப்பார்கள். கை உள்ளே போகும், கண் போகாது. எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் அடிக்கப் பழக வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. ராயபுரம் கல்மண்டபத்தில் கயிறும் தாரும் விற்ற கடைக்கு மேல் மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில், கடல் பக்கத்து ஜன்னலை ஒட்டி இருந்தது மூணாம் நம்பர் மிஷின். என் அக்கா இரண்டு வருடம் அந்த மூடிக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் கை என்ன செய்கிறது என்று அவளும் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய மாஸ்டரும் பார்க்கவில்லை.

சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பா, துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைச் சரிபார்க்கும் குமாஸ்தா. அம்மா இல்லை. அக்கா பள்ளிப் படிப்பை முடித்த கையோடு கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. மளிகைக் கடைக்காரர், மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அக்கா சோற்றைத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். அவளுக்கு ஆபீஸ் வேலைக்குப் போக வேண்டும், அது ஒன்றுதான் ஆசை. கடைசியில் நைனாதான் இறங்கி வந்தார். “டைப்பு கத்துக்கினு ஒரு கம்பெனில சேந்துட்டேன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லாங்காட்டி நான் சொல்றத நீ கேக்கணும், இன்னா?” என்றார். அக்கா எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டாள்.

அந்த ஜன்னல் வழியாக வரும் உப்புக் காற்று எதையும் சும்மா விடாது. மூணாம் நம்பர் மிஷினில் இடது கோடியில் இருந்த ஆங்கில ‘ஏ’ எழுத்தின் கம்பியில் துரு ஏறிவிட்டிருந்தது. முதல் தட்டுக்கு அது பாதி தூரம் எழும்பி, தாளைத் தொடாமலே திரும்பிவிடும். இரண்டாவது தட்டுக்குத்தான் எழுத்து விழும். முதல் நாளே மாஸ்டர் அக்காவிடம் சொல்லிவிட்டார், “இந்த மிஷின்ல மட்டும் ‘ஏ’வ ரெண்டு தட்டு தட்டும்மா, மெக்கானிக் வந்துகினே கீறான்.” மெக்கானிக் வரவே இல்லை. ஓடுகிற மிஷினில் கை வைப்பானேன் என்று மாஸ்டரும் விட்டுவிட்டார். அக்காவுக்குக் காலையில் ஒதுக்கிய நேரத்துக்கு அந்த மிஷின்தான் என்று ஆகிவிட்டது. அவரவருக்கு அவரவர் மிஷின் என்பது அங்கே எழுதாத சட்டம்.

வீட்டிலும் அவள் சும்மா இருக்கவில்லை. காய் நறுக்கும் பலகையைத் திருப்பிப் போட்டு, சாக்கட்டியால் வட்டம் வட்டமாக எழுத்துகளை வரைந்துகொள்வாள். நான் எதிரில் உட்கார்ந்து பள்ளிக்கூட ஆங்கிலப் பாடத்தை வாசிப்பேன், அவள் கண்ணை மூடிக்கொண்டு பலகையில் தட்டுவாள். மற்ற விரல்கள் ஒவ்வொரு தட்டு தட்டும். ‘ஏ’ வரும்போது மட்டும் இடது சுண்டுவிரல் இரண்டு தட்டு தட்டும். பலகையில் துரு ஏது? ஆனால் விரலுக்கு அது தெரியவில்லை. ‘ஏ’ என்றால் இரண்டு தட்டு என்பது டைப்பிங் சாஸ்திரம் போலிருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். சில மாதங்களில் மாஸ்டர் சொன்னதே அக்காவுக்கு மறந்துபோயிற்று. புடவைக் கொசுவத்தை எந்த விரலால் மடிக்கிறாய் என்று கேட்டால் எந்தப் பெண்ணாலும் சட்டென்று சொல்ல முடியாது, கட்டிக் காட்டத்தான் முடியும். அந்த மாதிரிதான் இதுவும்.

பரீட்சை வந்தது. அந்தக் காலத்தில் இன்ஸ்டிடியூட்டுகள் தங்கள் மிஷின்களையே பரீட்சை நடக்கும் இடத்துக்குக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு போகும். துணி போர்த்திய மூணாம் நம்பர் மிஷின் வண்டியில் முன்னால் போக, அக்கா பின்னால் நடந்து போனாள். முதல் வகுப்பில் தேறினாள். அடுத்த பரீட்சைக்கும் அதே வண்டி, அதே மிஷின், அதே முதல் வகுப்பு. மாஸ்டர் அவள் பெயரை மாடிப்படி ஓரத்துப் பலகையில் எழுதி வைத்தார். நைனா துறைமுகம் முழுக்க மிட்டாய் கொடுத்தார்.

பிறகு திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். மிஷின் பளபளவென்று இருந்ததாம், தொட்டாலே எழுத்து விழுந்ததாம். மூடி கிடையாது. ஆனாலும் பழகியபடி அக்கா கண்ணை எடுக்காமல் எதிரில் இருந்த கடிதத்தையே பார்த்து அடித்து முடித்தாள். அதிகாரி தாளை உருவி அவளிடமே நீட்டினார். ‘ஏ’ வந்த இடத்திலெல்லாம் இரண்டு ‘ஏ’. “என்னம்மா இது, விளையாட்டா?” என்று கேட்டாராம். அக்கா வீடு வரும்வரை அழவில்லை, வந்ததும் பலகையைத் தூக்கி மூலையில் எறிந்தாள்.

மறுநாள் மாஸ்டரிடம் நானும் போனேன். “ஏ ரெண்டு ரெண்டா வுழுது மாஸ்டர்” என்று அக்கா சொன்னாள். அந்த ஒரு வாக்கியம் போதாதா? தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருக்க வேண்டாமா அந்த மனுஷன்? அவர் சொன்னது இதுதான்: “பயம்மா பயம். கை நடுங்கிப்போச்சு. உக்காரு, இன்னும் ஒரு மணி நேரம் அடி.” எங்கே உட்கார வைத்தார் தெரியுமா? அதே மூணாம் நம்பரில். தாள் தாளாக வெறும் ‘ஏ’ அடிக்கச் சொன்னார். அந்த மிஷினில் இரண்டு தட்டுக்கு ஓர் எழுத்துத்தானே விழும்? ஒரு பிழை இல்லை. மாஸ்டர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “பாத்தியா, இன்னா சுத்தம்! ஒனக்கு எல்லாம் வருது, தைரியம்தான் வர்ல” என்றார். வியாதிக்குக் காரணமானதையே மருந்தாக ஊட்டினார். ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் அந்த விரலுக்குத் தவறு சொல்லிக் கொடுக்கப்பட்டது. நல்ல மதிப்பெண்ணும் கொடுக்கப்பட்டது.

இரண்டாவது கம்பெனி ராயபுரத்திலேயே, துறைமுகச் சாலையில் இருந்தது. இந்த முறை அக்கா ஜாக்கிரதையாக இருக்க நினைத்தாள். ‘ஏ’ வரும்போதெல்லாம் விரலைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். தானாக ஓடுகிற கையை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டால் என்ன ஆகும்? மற்ற விரல்களும் வழி தவறின. பாதிக் கடிதத்தில் நேரம் முடிந்துவிட்டது. அடித்த பாதியிலும் இரட்டை ‘ஏ’க்கள் இருந்தன. செய்தி மாஸ்டருக்குப் போனதும் அவர் கையை விரித்துவிட்டார். “பரீட்சைக்குப் படிக்குது, வேலைக்கு வர்ல. மக்குக்கு இன்னா சொல்லிக் குடுத்தும் பேஜாருதான்” என்று நைனாவிடமே சொன்னார். நைனா வாக்கு மாறாதவர். அந்தத் தை மாதத்திலேயே அக்கா அந்த மளிகைக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டு கொருக்குப்பேட்டைக்குப் போனாள்.

சில வருடங்கள் கழித்து நான் சேர்ந்த ஆசிரியப் பயிற்சியில் மனோதத்துவ வகுப்பு. ஒரு மதியம், பழைய பழக்கம் புதிய இடத்தில் எப்படிக் குறுக்கே வந்து விழுகிறது என்று பேராசிரியை விளக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் வரையச் சொன்னார், எல்லோர் பென்சிலும் எதிர்ப்பக்கம் போயிற்று, வகுப்பே சிரித்தது. என் காதில் பலகையில் சுண்டுவிரல் தட்டிய சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. நான் எழுந்து நின்றுவிட்டேன். பழகப் பழகச் சரியாகும் என்கிறார்களே, தவறும் அப்படித்தான் பழகப் பழக உறுதியாகும். பதற்றத்தில் மனிதனுக்கு முதலில் கைக்கு வருவது அந்தப் பழையதுதான். பழகிய இடத்தில் சரியாக வந்தது இடம் மாறினால் தவறாகும். எல்லாம் பாடத்தில் இருந்தது. மாஸ்டருக்கும் அதே கோளாறுதான். அவருக்குத் தெரிந்த தீர்வு ஒன்றே ஒன்று, இன்னும் ஒரு மணி நேரம் அடிப்பது. பூட்டு எதுவானாலும் அதே சாவியைப் போட்டுத் திருகினார். அக்காவை அடுத்த மிஷினில் ஒரு வாரம் உட்கார வைத்திருந்தால் போதும். ஒரு வாரம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

அன்றைக்கே ரயில் பாதையைத் தாண்டி அக்கா வீட்டுக்கு ஓடினேன். கடைக்குப் பின்னால் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் பெற்ற சின்னவன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் படிச்சவங்க பேச்சுடி. எனக்கு மண்டைல ஏறல, அவ்ளோதான். மாஸ்டரே சொல்லிட்டாரு” என்று முறத்தைத் தட்டினாள். நான் விடவில்லை. அன்று மட்டுமல்ல, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போதெல்லாம் சொன்னேன். பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைக்கூட அவள் தொட மாட்டாள். “நான் மக்கு, சித்தியக் கேளு” என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கும். விரலுக்கு இரண்டு தட்டு பழகியது மாதிரி வாய்க்கும் அந்தச் சொல் பழகிவிட்டது. பிற்காலத்தில் பயிற்சிக் கல்லூரியில் எத்தனையோ ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தினேன், என் அக்காவிடமிருந்து அந்த ஒரு சொல்லைப் பிடுங்க எனக்குத் துப்பில்லை.

போன மாதம் மாத்தூரில் அவள் பேரன் வீட்டுக்குப் போயிருந்தோம். கூடத்தில் அலங்காரத்துக்கு ஒரு பழைய டைப்ரைட்டர். துடைத்து எண்ணெய் போட்டு, புது ரிப்பன் மாட்டி வைத்திருந்தான். தகர மூடி இல்லை. “ஆயா, நீ டைப்பு பாஸாமே, அடிச்சுக் காட்டு” என்றான். அக்கா வேண்டாம் வேண்டாம் என்றாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விரல்கள் தாமாகவே இடம் தேடி அமர்ந்தன. கண்ணை மூடிக்கொண்டு, நான் அந்த நாளில் வாசித்த பாடத்தின் முதல் வரியை அடித்தாள். எனக்கே மறந்துபோன வரி அது. பேரன் தாளை உருவினான். ஓர் எழுத்து விடுபடவில்லை, ஓர் எழுத்து மாறவில்லை. ‘ஏ’ மட்டும் வந்த இடத்திலெல்லாம் இரண்டு.

“பாருக்கா! அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒரு இடத்துலகூட விரலு மறக்கல. இதப் போயி மக்குன்றியே!” என்று நான் கத்தினேன். பேரன் பயந்து என்னைப் பார்த்தான். அக்கா கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு தாளை வெளிச்சத்தில் பிடித்து, மாஸ்டர் பிடித்தது மாதிரியே பிடித்து, வெகுநேரம் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே தாளை என்னிடம் நீட்டினாள்.

“நான்தான் அப்பவே சொன்னேனேடி, எனக்கு ஏறாதுன்னு.”