தலைவெட்டிக் கோயிலுக்குப் போய் வந்தவர்

என் கணவரைத் தோட்டத்துப் பிள்ளைகள் ‘தலைவெட்டி’ என்று சொல்லிக்கொண்டு ஓடியதை முதன்முதலாகக் கேட்டபோது, எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மலாயாவில் போர்டிக்சன் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டம் அது. அவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர். டாக்டர் எப்போதாவதுதான் வருவார். காய்ச்சல், காயம், பிரசவம் எல்லாவற்றுக்கும் இவர்தான். நான் வேறொரு தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். பாலுக்காக ரப்பர் மரம் வெட்டியவர்களின் மகள் டிரசரம்மாவாக வந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை, நிறையக் கூச்சம்.

அது வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசரகாலம். லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் ஒளிந்திருந்த அவர்களுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று கேட்டில் சோதனை. பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. சில நாள் முகத்தை மூடிய ஓர் ஆளை லாரியில் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். வாய் திறக்காத மனுஷனைக் கண்டாலே ஜனங்கள் பயந்த காலம்.

என் கணவர் மாதத்தில் ஒரு சாயங்காலம் சிரம்பான் டவுனுக்குப் போவார். ஊரடங்கினால் ஒரு நண்பர் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் காலை திரும்புவார். எங்கே என்று கேட்டால், “மேசன் கூட்டம்” என்பார். ஃப்ரீமேசன் என்று ஒரு சங்கம், அதில் இவர் உறுப்பினர் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அங்கே என்ன செய்வீர்கள் என்றால் சிரிப்பார். அவ்வளவுதான்.

ஒரு காலை, மரம் வெட்டப் போகும் பெண்கள் கேட்டில் வரிசையாக நின்றிருந்தபோது இவர் வந்து இறங்கினார். புதிதாக வந்திருந்த காவல்காரன் இவருடைய சின்னத் தோல்பெட்டியைத் திறக்கச் சொன்னான். உள்ளே ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை, மடித்து வைத்த வெள்ளைத் தோல். “ஆப்பா இனி?”, என்ன இது என்று அவன் மலாயில் கேட்டான். இவர் இடுப்பில் கட்டுவது என்று சைகை காட்டினார். அவன் விட்டுவிட்டான். பெண்கள் விடவில்லை.

மத்தியானத்துக்குள் கதை லயம் முழுக்கச் சுற்றியது. சிரம்பானில் ஜன்னல் திறக்காத ஒரு கட்டடம் இருக்கிறதாம். அதுதான் தலைவெட்டிக் கோயிலாம். புதிதாகக் கட்டும் பாலத்துக்குப் பிள்ளைத் தலை வேண்டுமாம். டிரசர்தான் ஆள் பார்த்துச் சொல்கிறவராம். பெட்டியிலிருந்தது என்ன தோல் என்று யாருக்குத் தெரியும்?

அதன் பிறகு தாய்மார் குழந்தைகளை ஊசி போடக் கூட்டிவரவில்லை. எனக்கு அங்கே அக்கா மாதிரி இருந்த ஒருத்தியும் வரவில்லை. மரம் வெட்டுகிறவள். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு மறுபடி நிறைமாதமாக இருந்தாள். “அவளுக்குக் கால் வீங்குது. அடிக்கடி வந்து காட்டணும், விட்டா ஆபத்து” என்று இவர் என்னிடம் சொல்லியிருந்தார்.

ஒரு ராத்திரி சாப்பாடு போடும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. “ஊரே பேசுதுங்க. என்கிட்டயாவது சொல்லக்கூடாதா?”

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். “தப்பான காரியம் ஒண்ணும் இல்லம்மா. சாமி நம்பிக்கை இல்லாதவனை அங்க சேர்க்கவே மாட்டாங்க. ஒருத்தரை ஒருத்தர் அடையாளம் கண்டுக்க சில சொல்லு, கைகொடுக்கிற விதம், சில சடங்கு. அதை வெளியே சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்.” தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, “அந்த வாக்கை உனக்காக மீறினா, உனக்குக் கொடுத்த வாக்கை நாளைக்கு வேற யாருக்காகவோ மீறமாட்டேன்னு நீ எப்படி நம்புவ?” என்றார்.

என் கோபம் போய்விட்டது. “அந்தத் தோலும் ரகசியமா?” என்று கேட்டேன்.

“ஏப்ரன்தானே? ஆட்டுத்தோல். கடையில விக்கிறான்.”

மறுநாள் அவரிடம் சொல்லிவிட்டே அதை எடுத்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் வாசலை மறித்து நின்றான். உள்ளே அவள் சுவரில் சாய்ந்திருந்தாள். முகமே உப்பிப்போயிருந்தது.

“தொட்டுப் பாருங்கக்கா. ஆட்டுத்தோல்தான்” என்று விரித்தேன். கூடி நின்ற பெண்களில் யாரும் கிட்டே வரவில்லை. நானே அதை என் சேலைமேல் கட்டிக்கொண்டேன்.

அக்கா உற்றுப் பார்த்தாள். “இதையா டிரசர் ஐயா இடுப்புல கட்டிக்குவாரு?”

“ஆமாக்கா. துரை வீட்டுச் சமையல்காரன் கட்டுவானே, அந்த ஏப்ரன் மாதிரி.”

“வீட்டுல ஒரு சட்டி கழுவமாட்டாங்க. சிரம்பான் போய்த்தான் ஏப்ரன் கட்டுறாங்களா லா!” என்றாள். வாசலில் நின்ற பெண்களும் சிரித்துவிட்டார்கள். அவள் புருஷன் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் வழியை விட்டான்.

என் கணவர் வந்து ரத்த அழுத்தம் பார்த்தார். “இப்பவே சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்றார்.

“அந்தக் கோயில் இருக்கிற ஊருக்கா?” என்று புருஷன் பதறினான்.

“நீயும் வா. என் வீட்டம்மாவும் வரும். என்மேல சந்தேகம்னா என் கையைப் புடிச்சிக்கிட்டே உட்காரு.”

தோட்டத்து லாரியில் மெத்தை போட்டு அவளைப் படுக்க வைத்தோம். என் மடியில் அவள் தலை. அந்த மனுஷன் உண்மையாகவே என் கணவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் வந்தான். இவரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஊருக்குள் நுழைந்ததும் ஒரு கட்டடத்தைக் காட்டி, “அதோ, அதுதான்” என்றார். பூட்டிய கதவு, முன்னால் புல் வெட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவர்.

“தோட்டத்து ஆபீஸ் மாதிரில்ல இருக்கு” என்றான் அவன், ஏமாந்துபோனவனைப் போல.

பிள்ளை பிழைத்தது. பெண்குழந்தை. தாயும் பல நாள் கிடந்து தேறினாள். தோட்டத்துக்குத் திரும்பியதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து, எல்லோரும் பார்க்க இவர் கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்களும் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். சிலர் கடைசிவரை நம்பவில்லை. இவர் அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அதற்காக இவர் வருத்தப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் திட்டியதில்லை.

அந்தச் சடங்கும் சொல்லும் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையில்லை என்றால் பொய். வயதான பிறகு ஒருமுறை, “இப்பவாவது சொல்லலாமே” என்று சீண்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “சொன்னா அப்புறம் நீ என்கிட்ட கேட்கவே மாட்டியே” என்றார். நான் எழுந்து போய்க் கோப்பி கலக்கினேன்.