மூக்கில் வைத்த குண்டு

"நடுத்தர உயரம். அதிகம் பேசமாட்டார். அயல்நாட்டுப் போர் விமானங்களின் படங்களைச் சேகரிக்கிறார். எளிதில் தீப்பற்றும் திரவங்கள் வைத்திருக்கிறார். குண்டு வைப்பது பற்றி போனில் பேசியதைக் காதால் கேட்டோர் உண்டு. விசாரணையின் முடிவைப் பொறுத்து வீட்டைக் காலி செய்யச் சொல்ல உத்தேசம்."

குடியிருப்புச் சங்கச் செயலாளர் காவல் நிலையத்துக்கு எழுதிய கடிதம் அது. விசாரிக்க வந்த அதிகாரி அதைக் கூடத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டியபோது, யாரைப் பற்றியது என்று அந்த ஆளின் மனைவிக்கே முதலில் பிடிபடவில்லை. தன் கணவரோடு ஒத்துப்போனவை உயரமும் பேசாத குணமும்தான்.

கணவர் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் பொய்ப்பல் செய்பவர். கரப்பான்பூச்சியைக் கண்டால் மனைவியைக் கூப்பிடுவார். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் வாய்க்கு அளவெடுத்ததாலோ என்னவோ, தன் வாயைத் திறப்பது அபூர்வம். வேலை விட்டு வந்ததும் பின்னறைக்குப் போய், பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்குப் போர் விமானம் செய்து, படத்தைப் பார்த்துத் தின்னர் கலந்த பெயின்ட் அடிப்பார். விமானியின் தலை மிளகளவு இருக்கும். அதிலும் பல் வரைவார். பிறகு மேலே கண்ணாடிக் கூண்டை ஒட்டிவிடுவார். அந்தப் பல்லை இனி ஒருவரும் பார்க்கப்போவதில்லை.

விமானம் பளபளவென்று முடிந்தபின்தான் உண்மையான வேலை தொடங்கும். புகைக்கரி, எண்ணெய்க் கசிவு, விமானியின் கால் பட்டுத் தேய்ந்த இடம் என்று மூன்று வாரம் அதைப் பழசாக்குவார். பகலெல்லாம் கிழவர்களுக்குப் புதுப் பல். சாயங்காலம் புது விமானத்துக்குப் பழைய அழுக்கு.

"ஜன்னல்ல இருக்கிற அழுக்கைத் துடைக்க ஆளில்லை. இவர் கடைக்குப் போய் அழுக்கு வாங்கிட்டு வர்றார்," என்பாள் மனைவி. பவுடர் வடிவில், சிறு சிறு புட்டிகளில், அது நிஜமாகவே கடையில் கிடைக்கிறது.

சந்தேகப்படுவதில் அவள் கெட்டிக்காரி. அந்த வீட்டில் இதற்கு முன்பே ஒரு விசாரணை நடந்து தீர்ப்பும் வழங்கியாகிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய தோடு ஒன்று காணாமல் போயிற்று. நடுவில் ஒரு கல், சுற்றி ஆறு. அந்த வாரம் வீட்டில் தங்கியிருந்தவள் கணவரின் தங்கை. நாத்தனார் எடுக்காமல் வேறு யார் எடுப்பார் என்று மனைவி கேட்டாள். தங்கை அழுதுகொண்டே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள்தான், பிறகு இந்த வாசலை மிதிக்கவில்லை.

"போன்ல என்ன சார் பேசினீங்க?" என்று கணவரிடம் கேட்டார் அதிகாரி.

"மூக்குல குண்டு வெச்சாத்தான் நிக்கும்னு சொன்னேன் சார்."

"யார் மூக்குல?"

"விமானத்து மூக்குல. சில விமானத்துக்கு வால் பக்கம் கனம். மூக்குக்குள்ள ஈயக் குண்டு வெச்சு ஒட்டலைன்னா பின்பக்கமா உட்கார்ந்திடும். தூண்டில்ல கட்டுவாங்களே, அந்தக் குண்டு."

அதிகாரி அலமாரியைத் திறந்து, இருப்பதிலேயே கனமான சாம்பல் நிற விமானத்தைக் கையில் எடுத்தார். "இதைப் பிரிச்சுக் காட்டுங்க."

"ஒட்டினதைப் பிரிக்க முடியாது சார். உடையும். வேணும்னா அந்தப் பச்சையை உடைச்சுக்கோங்க. உள்ள அதே குண்டுதான்."

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். பச்சை விமானத்துக்கு எட்டு மாதம் உழைத்தவர் அவர். அதைத் தூசி தட்டக்கூட அவளை விட்டதில்லை.

"ஏங்க, குடியிருக்கிற வீடே போகப்போகுது. சாம்பலை உடைச்சா என்ன?"

"அது மட்டும் வேண்டாம்."

இத்தனை அழுத்தமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. அதிகாரியின் சந்தேகம் அப்போது அரைவாசி தீர்ந்திருந்தது. மனைவியுடையது அந்த நிமிடத்தில்தான் ஆரம்பித்தது.

"உடைக்க வேண்டாம் சார்," என்றாள். "இவர் ஆஸ்பத்திரியில பல்லுக்கு எக்ஸ்ரே எடுப்பாங்க. இதுக்கும் எடுத்தா உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிடும்."

"அதெல்லாம் எதுக்கு? டாக்டருக்கு வேலை இருக்கும்," என்றார் கணவர்.

"ஒரு பல் எடுக்கிற நேரம்தானே," என்று அதிகாரி எழுந்துவிட்டார்.

பல் டாக்டர் விமானத்தை நாற்காலியில் படுக்கவைத்து மூக்கைப் படமெடுத்தார். "இவ்வளவு அமைதியா உட்கார்ந்த பேஷன்ட் இதுவரைக்கும் வந்ததில்லை," என்றபடி திரையைக் காட்டினார். "சொத்தை ஒண்ணும் இல்லை."

வெள்ளையாக உருண்டை உருண்டையாக ஐந்து குண்டுகள். அவற்றுக்குச் சற்றுத் தள்ளி ஒரு பூ. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. பின்னால் மரை போட்ட சிறு தண்டு.

"இது என்ன உறுப்பு?" என்றார் அதிகாரி.

கணவர் விமானத்தை நாற்காலியிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டார்.

"தோடு," என்றாள் மனைவி. "என்னுது."

அதிகாரி 'சந்தேகத்துக்கிடமாக எதுவும் இல்லை' என்று எழுதிக்கொண்டு கிளம்பினார். வீடு தப்பியது. திரும்பி நடக்கும்போது கணவர் விமானத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தார். பாதி வழியில் மனைவி கேட்டாள்.

"எப்படி உள்ள போச்சு?"

"அன்னிக்கு டீ வைக்க வந்தே இல்ல? திருகு லூசா இருந்திருக்கும். குண்டும் பிசினும் குழைச்சு வெச்ச கிண்ணத்துல விழுந்திருக்கு. நான் பார்க்காம அப்படியே வழிச்சு மூக்குல வெச்சுட்டேன்."

"மிளகுல பல் வரையறவரு, தோட்டைப் பார்க்கலை."

"பார்க்கலை."

"சரி. எப்போ தெரிஞ்சுது? இன்னிக்கா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். பொய்ப்பல்லோடு சரி, பொய் அவருக்கு வராது.

"மறுநாள். நிறுத்துப் பார்த்தேன். ரெண்டு கிராம் கூட இருந்துச்சு."

"உங்க தங்கச்சி அதுக்கு அப்புறம்தானே போனா?"

"நாலு நாள் கழிச்சு."

"நான் அவளைத் திருடின்னு சொன்னப்போ பக்கத்துலதானே நின்னீங்க?"

"அதுக்குள்ள முதல் கோட் பெயின்ட் அடிச்சிருந்தேன்," என்றார் அவர்.

தோடு எங்கே இருக்கிறது என்று அன்றைக்கே அவருக்குத் தெரியும். தங்கை பெட்டியோடு படியிறங்கியதைப் பார்த்தார். பின்னறைக்குப் போய் இரண்டாவது கோட் அடித்தார்.